உங்களுக்குத் தெரியுமா? கண்மாய்ப் பாசி முதல் கண்ணாடிச் சில்லு வரை

● நீங்கள் கட்டியிருக்கும் பருத்தி வேட்டியும் சேலையும் செல்களால் நெய்தவை. பேச்சுக்குச் சொல்லவில்லை, ஒவ்வொரு பஞ்சு இழையும் ஒரே ஒரு செல். பருத்தி விதையின் மேல்தோலில் இருக்கும் ஒரு செல் முடிபோல வெளியே நீண்டு இரண்டரை, மூன்று சென்டிமீட்டர் வரை வளர்கிறது. பருமன் மட்டும் மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான். காய் வெடிக்கிற நேரத்தில் அந்தச் செல் செத்துவிடும். உள்ளே இருந்த சாறு வற்றி, தண்ணீர் நின்றுபோன ரப்பர் குழாய்போலத் தட்டையாகி முறுக்கிக்கொள்ளும். இந்த முறுக்கால்தான் இழைகள் ஒன்றையொன்று கவ்விப் பிடித்து நூலாகின்றன.

இலவம் பஞ்சின் இழையும் ஒற்றைச் செல்தான். ஆனால் அது முறுக்கேறாமல் வழவழப்பான குழலாகவே நின்றுவிடும், நூற்றால் வழுக்கும். அதனால் பருத்தி வேட்டியாயிற்று, இலவம் தலையணைக்குள் போயிற்று.

● துணி என்றதும் இன்னொருவர் நினைவுக்கு வருகிறார். பாக்டீரியாவை முதலில் கண்ட ஆண்டனி வான் லீவன்ஹூக் விஞ்ஞானம் படித்தவரே இல்லை. ஹாலந்தின் டெல்ஃப்ட் ஊரில் துணி வியாபாரி. நூலின் தரம் பார்க்கத் துணிக்கடைக்காரர்கள் வைத்திருந்த பூதக்கண்ணாடியில் ஆரம்பித்தது அவருடைய பைத்தியம். பிறகு தானே லென்ஸ் தேய்த்து, ஒற்றை லென்ஸில் 270 மடங்கு வரை பெரிதாக்கினார். குளத்துத் தண்ணீர், பல்லில் படியும் அழுக்கு, தன் ரத்தம் என்று கையில் கிடைத்ததையெல்லாம் பார்த்தார். சிவப்பணுக்களைப் பற்றி அவர் எழுதியது 1674-ல்.

● 'செல்' என்று பெயர் வைத்த ராபர்ட் ஹூக் உயிருள்ள செல் எதையும் பார்த்துப் பெயர் வைக்கவில்லை. 1665-ல் அவர் பார்த்தது புட்டி அடைக்கிற தக்கையின் சீவல். செத்த மரப்பட்டை. கண்ணில் பட்டவை வெறும் சுவர்கள். மடத்துத் துறவிகளின் சிற்றறைபோல இருந்ததால் அந்தப் பெயர். ஒரு கன அங்குலத் தக்கையில் 120 கோடிக்கு மேல் அறைகள் இருக்கும் என்று கணக்கும் போட்டார். காலி வீட்டுக்கு வைத்த பெயர், குடியிருந்தவருக்கும் ஒட்டிக்கொண்டது.

● புதுக்கோட்டைக் கடலோரத்து ஜெகதாப்பட்டினத்துக்கும் கோட்டைப்பட்டினத்துக்கும் எதிர்க்கரையில், யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடத்தில் 'செல்' என்று யாரும் சொல்வதில்லை. அங்கே அது 'கலம்'. நாம் நுண்ணோக்கி என்பது அவர்களுக்கு நுணுக்குக்காட்டி. மைட்டோகாண்ட்ரியா அங்கே இழைமணி. குரோமோசோம் நிறமூர்த்தம். பசுங்கணிகம் பச்சையவுருமணி. அந்தக் கரையில் உயிரியலைத் தமிழிலேயே பேசிப் பழகிவிட்டார்கள். நாம் பாதியைத் தமிழிலும் மீதியை ஆங்கிலத்திலும் படித்துவிட்டு, தேர்வுக்கு முதல் நாள் இரண்டையும் குழப்பிக்கொள்கிறோம். 'இழைமணி'யின் அழகுக்காகவாவது நாமும் கடன் வாங்கலாம்.

● பெரிய ஆறு எதையும் நம்பாமல் கண்மாய்களை நம்பிப் பிழைக்கும் மாவட்டம் புதுக்கோட்டை. அந்தக் கண்மாய்களில் கால் வைத்தால் கொடிபோலச் சுற்றிக்கொள்ளும் பாசி ஒன்று உண்டு: ஹைட்ரில்லா. அதன் இலை இரண்டே அடுக்குச் செல்களால் ஆனது. அதனால் சீவவும் வேண்டாம், சாயம் போடவும் வேண்டாம். ஓர் இலையைக் கிள்ளி, ஒரு சொட்டுக் கண்மாய்த் தண்ணீரோடு கண்ணாடிச் சில்லில் வைத்து நுண்ணோக்கியில் பாருங்கள். முதலில் பச்சைப் பச்சையாய்ப் பொட்டுகள் தெரியும். அவைதான் பசுங்கணிகங்கள். விளக்கு வெளிச்சத்தில் கொஞ்சம் சூடேறியதும் அந்தப் பொட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக நகர ஆரம்பிக்கும். செல்லின் சுவரை ஒட்டியே ஓடி, மூலையில் திரும்பி, மறுபடி வந்து சேரும். சாமி புறப்பட்டு நாலு வீதியும் சுற்றி நிலைக்கு வருவதுபோல. செல் என்பது சும்மா கிடக்கிற பை என்று நினைத்திருந்தவர்கள் இதை ஒருமுறை பார்த்தால் போதும்.

இந்த ஓட்டத்தை முதலில் கவனித்தவர் இத்தாலியின் பொனவெந்துரா கோர்த்தி. ஆண்டு 1774. அவர் பார்த்ததும் குளத்துப் பாசியில்தான், காரா என்கிற வகை.

● நான் படித்த பள்ளியில் அறுபது பேருக்கு ஒரே நுண்ணோக்கி. வரிசையில் நின்று ஆளுக்கு ஐந்து வினாடி பார்க்கலாம். வெங்காயத் தோலில் வட்டமாக, கன்னங்கரேலென்ற விளிம்போடு ஒன்று தெரிந்தது. அதையே உட்கரு என்று அழகாக வரைந்து, அம்புக்குறி போட்டுப் பெயரும் எழுதி, மதிப்பெண்ணும் வாங்கினேன். பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது, நான் வரைந்தது காற்றுக்குமிழி. மூடுசில்லைச் சாய்த்துப் பிடித்து, ஒரு ஓரத்திலிருந்து மெதுவாக இறக்க வேண்டும். தொப்பென்று போட்டால் காற்று மாட்டிக்கொள்ளும். இன்றைக்கும் பள்ளிகளில் பாதிப் பிள்ளைகள் வரைவது குமிழியைத்தான் என்று நினைக்கிறேன்.

● அசல் உட்கருவுக்குப் பெயர் வைத்தவர் ராபர்ட் பிரவுன், 1831-ல், ஆர்க்கிட் செடிகளின் செல்களைப் பார்த்து.

● பெரும்பாலான செல்கள் கண்ணாடிபோல நிறமற்றவை. ஆகவே செல்லை ஆராய்கிறவர்களின் பாதி வேலை சாயத் தொழில்தான். உலகத்து ஆஸ்பத்திரிகளில் திசுவைச் சோதிக்க மிக அதிகமாகப் பயன்படும் சாயம் ஹிமட்டாக்சிலின். அது ஒரு மரத்தின் வைரக்கட்டையிலிருந்து வருகிறது. மத்திய அமெரிக்காப் பக்கத்து மரம். ஒரு காலத்தில் துணிக்குச் சாயம் ஏற்றத்தான் கப்பல் கப்பலாக ஏற்றிப் போனார்கள். துணிச்சாயம் பழையதாகி ஓய்ந்தது. செல்லின் உட்கருவுக்கு நீலம் போடும் வேலை மட்டும் நூறு வருஷம் தாண்டியும் அதன் கையில் இருக்கிறது.

● யானையின் செல் யானையளவு இருக்காது. மனித ரத்தச் சிவப்பணுவின் குறுக்களவு, மில்லிமீட்டரை ஆயிரம் கூறு போட்டால் ஏழரைக் கூறு. யானைக்கு ஒன்பது கூறு அளவுதான். வெள்ளாட்டின் சிவப்பணு நம்முடையதில் பாதிகூடத் தேறாது. பெரிய உடம்புக்குக் காரணம் செல்லின் எண்ணிக்கை. கோழி ரத்தத்தில் இன்னொரு வேடிக்கை: நம் சிவப்பணுவில் உட்கரு கிடையாது, கோழியினுடையதில் உண்டு.

● சேனைக்கிழங்கு நறுக்கினால் கை ஏன் அரிக்கிறது? அதன் சில செல்களுக்குள் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் ஊசி ஊசியாக, கட்டுக்கட்டாக அடுக்கியிருக்கும். கத்தி பட்டதும் செல் உடைந்து ஊசிகள் தோலில் ஏறும். சேப்பங்கிழங்கிலும் இதே ஊசிக்கட்டுதான். புளி விட்டு வேகவைப்பது நம் வீட்டுப் பெண்கள் நுண்ணோக்கி இல்லாமலே கண்டுபிடித்த வைத்தியம்.

● பீட்ரூட் வேகும்போது தண்ணீர் சிவக்கிறது, கேரட் வேகும்போது தண்ணீர் நிறம் மாறுவதில்லை. பீட்ரூட்டின் சிவப்பு, செல்லுக்குள் இருக்கும் நுண்குமிழின் சாற்றில் கரைந்திருக்கிறது. சூட்டில் குமிழின் சவ்வு கிழிந்ததும் வெளியே வந்துவிடும். கேரட்டின் நிறம் கணிகங்களுக்குள், கொழுப்பில் மட்டுமே கரையும் பொருளாக இருக்கிறது. அதற்கு எண்ணெய் வேண்டும். கேரட்டைத் தாளித்தால் எண்ணெய் மஞ்சளாவதைப் பார்த்திருப்பீர்கள்.

● மாங்காயில் உப்புப் பிசிறி வைத்தால் காலையில் ஜாடி நிறையத் தண்ணீர். அது அத்தனையும் செல்களுக்குள் இருந்தது.

● கோழி முட்டையின் மஞ்சள் கரு ஒரே செல் என்று படித்திருப்போம். பாதி உண்மை. பண்ணை முட்டை கருக்கூடாதது; அதில் மஞ்சள் கரு ஒற்றைச் செல்தான். சேவலோடு திரியும் நாட்டுக்கோழி இடும் முட்டை வேறு கதை. கோழியின் வயிற்றுக்குள்ளேயே செல் பிரிய ஆரம்பித்து, முட்டை வெளியே வரும்போது மேலே தெரியும் வெள்ளைப் பொட்டில் பல ஆயிரம் செல்கள் சேர்ந்திருக்கும்.

● செல்லைப் பார்க்க நுண்ணோக்கி எதற்கு, கடலுக்குள் இறங்கிக் கையாலேயே தூக்கலாம். பாக் நீரிணை, மன்னார் வளைகுடாப் பகுதியில் கௌலர்பா என்ற பச்சைப் பாசி வளர்கிறது. ஒரு வகையில் உருண்டை உருண்டையாகக் குலை தொங்கும். கடல் திராட்சை என்கிறார்கள். தண்டும் இலையும் வேரும்போல எல்லாம் இருக்கும். ஆனால் உள்ளே குறுக்குச் சுவர் ஒன்றுகூடக் கிடையாது. முழுச் செடியும் ஒரே செல்; அதற்குள் எண்ணி மாளாத உட்கருக்கள் மிதந்துகொண்டிருக்கும். வெட்டினால் காயத்தைத் தானே அடைத்துக்கொள்ளும்.

● வலையில் ஏறினால் கைகாலெல்லாம் சொறியவைக்கும் ஜெல்லி மீனின் சொந்தக்காரர்களில் ஒன்று, செல் ஆராய்ச்சிக்கே விளக்குப் பிடித்தது. அமெரிக்காவின் மேற்குக் கடலோர ஜெல்லி மீன் ஒன்றிலிருந்து பச்சையாய் ஒளிரும் புரதத்தைப் பிரித்தெடுத்தார் ஒசாமு ஷிமோமுரா. குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு போய் வலையில் பிடித்த ஜெல்லி மீன்கள் லட்சக்கணக்கில். அந்தப் புரதத்தின் மரபணுவை வேறொரு செல்லுக்குள் ஒட்டிவிட்டால், உயிரோடு இருக்கும் செல்லில் எந்தப் பொருள் எங்கே போகிறது என்று ஒளிர்ந்து காட்டும். கொன்று, சாயம் ஏற்றிப் பார்த்த காலம் இதோடு மாறியது. 2008-ல் மூவர் பகிர்ந்துகொண்ட வேதியியல் நோபல் இதற்குத்தான்.

● சித்தன்னவாசல் குகைக்கோயிலின் விதானத்தில் தாமரைக் குளம் தீட்டியிருக்கிறதே, அந்த ஓவியத்துக்கு ஆயிரம் வயதுக்கு மேல். தாமரை இலையில் தண்ணீர் ஏன் ஒட்டுவதில்லை என்ற காரணம் தெரிந்தது நேற்றுப்போல. ஜெர்மானியத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட் இலைகளின் மேல்தோலை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். இந்தக் கருவியில் இலையைச் சும்மா வைக்க முடியாது. காயவைத்து, மேலே கண்ணுக்குத் தெரியாத கனத்தில் தங்கம் பூசி, காற்றில்லாத அறைக்குள் அனுப்ப வேண்டும். தங்கம் பூசிய தாமரை இலையில் தெரிந்தது இது: மேல்தோலின் ஒவ்வொரு செல்லும் சிறு குன்றுபோல மேலே புடைத்திருக்கிறது. குன்றின் மேலெல்லாம் மெழுகுக் குச்சிகள் முடிமுடியாய் நிற்கின்றன. நீர்த்துளி குன்றுகளின் உச்சியில் மட்டும் உட்கார்கிறது, இடையில் காற்று. சாய்த்தால் உருண்டுவிடும், போகும்போது தூசியையும் கூட்டிக்கொண்டு போகும். 1997-ல் அவரும் கிறிஸ்டோப் நைன்ஹுயிசும் இதை விரிவாக எழுதியபிறகு, அழுக்கு ஒட்டாத சுவர்ப் பூச்சு கடைக்கே வந்துவிட்டது. சித்தன்னவாசலில் நம் ஆட்கள் சுவரில் பெயர் கிறுக்கியதற்குத்தான் எந்தப் பூச்சும் இல்லை.

● கல்லுக்குள்ளும் செல் பார்க்கலாம். புதுக்கோட்டை மாவட்டத்துத் திருவரங்குளம் பக்கம் நரிமேட்டில் கல்மரத் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரத்தை 1940-ல் நிலவியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தார். வயது சுமார் 12 கோடி ஆண்டு. மண்ணில் புதைந்த மரத்துக்குள் சிலிக்கா கலந்த நீர் ஊறி, ஒவ்வொரு செல்லாக நிரப்பிக் கல்லாக்கிவிடுகிறது. அந்தக் கல்லை அறுத்து, தேய்த்துத் தேய்த்து மில்லிமீட்டரில் நூற்றில் மூன்று பங்கு கனத்துக்குக் கொண்டுவந்தால் வெளிச்சம் ஊடுருவும். நீர் ஏறிய குழாய்களும் செல் சுவரும் அச்சு அசலாகத் தெரியும். எந்த இன மரம் என்று சொல்லிவிடலாம். இந்தத் துண்டுகளை அலங்காரக் கல்லாக நினைத்து வீட்டுக்கு எடுத்துப் போகிறவர்கள் கவனிக்க.

● 1955 வரை மனிதனுக்கு 48 குரோமோசோம் என்றுதான் உலகமே படித்தது. 1923-ல் ஒருவர் எண்ணிச் சொன்னதை, பிறகு எண்ணியவர்களும் 48 வரும்வரை எண்ணினார்கள். குரோமோசோம்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடப்பதால் நூல்கண்டுச் சிக்கலில் இழை எண்ணுகிற கதை அது. ஸ்வீடனில் ஜோ ஹின் ஜியோவும் ஆல்பர்ட் லெவனும் இரண்டு காரியம் செய்தார்கள். செல்லை உப்புக் குறைந்த நீரில் ஊறவைத்து உப்பவைத்தார்கள். கொல்கிசின் என்ற மருந்தைக் கொடுத்து, செல் பிரிகிற வேலையைப் பாதியில் நிறுத்தினார்கள். குரோமோசோம்கள் பிரிந்து பரவின. எண்ணினால் 46. அறிவித்தது 1956-ல்.

அந்தக் கொல்கிசினை மேல்நாட்டுப் புல்வெளிப் பூ ஒன்றிலிருந்து எடுத்தார்கள். அதே பொருள் நம் செங்காந்தளிலும் இருக்கிறது. ஆமாம், தமிழ்நாட்டின் மாநில மலரேதான். மூலனூர், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பக்கம் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் விதைக்காகப் பயிரிடுகிறார்கள். செல் பிரியும்போது குரோமோசோம்களை இரண்டு பக்கமும் இழுக்கும் கயிறுகள் உருவாகும். கொல்கிசின் அந்தக் கயிற்றைத் திரியவிடாது. ஆராய்ச்சிக்கு வரம், கீல்வாதத்துக்கு மருந்து, கிழங்கைத் தின்றால் எமன். வேலியோரத்தில் பூத்திருந்தால் பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்.

● இதே கொல்கிசினைக் கையாண்டு செடிகளின் குரோமோசோமை இரட்டிப்பாக்கியவர்களில் ஒருவர் ஜானகி அம்மாள். 1897-ல் தலச்சேரியில் பிறந்தவர். கோவை கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் வேலை பார்த்தார். பிறகு இங்கிலாந்தில் சி.டி. டார்லிங்டனோடு சேர்ந்து 1945-ல் வெளியிட்ட புத்தகம், பயிரிடும் செடிகளின் குரோமோசோம் எண்ணிக்கைப் பட்டியல். கடைசிக் காலம் சென்னை மதுரவாயலில் கழிந்தது. ஒரு செடிக்கு எத்தனை என்று எண்ணவே பொறுமை போய்விடும். அவர் ஆயுள் முழுக்க எண்ணினார்.

● வெளிச்சத்தை வைத்துப் பார்க்கும் நுண்ணோக்கிக்கு ஓர் எல்லை உண்டு. மில்லிமீட்டரை 5,000 கூறு போட்டால் ஒரு கூறு. அதைவிட நெருங்கிய இரண்டு புள்ளிகள் ஒன்றாகவே தெரியும். செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் ரைபோசோம் அந்தக் கூறிலும் பத்தில் ஒரு பங்கு. சிதம்பரத்தில் 1952-ல் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் அதை வேறு வழியில் 'பார்த்தார்'. ரைபோசோமைப் படிகமாக்கி, எக்ஸ்ரே கதிர் பாய்ச்சி, சிதறிய புள்ளிகளைக் கணக்குப் போட்டு உருவத்தை மீட்டெடுத்தார். 2009 நோபல் பரிசு, மூவரில் ஒருவராக. அவர் டாக்டர் பட்டம் வாங்கியது இயற்பியலில். உயிரியலைப் பிறகுதான் உட்கார்ந்து படித்தார்.

● புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டியைத் தேவதாசி ஒழிப்புச் சட்டத்துக்காக எல்லோருக்கும் தெரியும். மகாராஜா கல்லூரியில் பெண்பிள்ளையா என்று ஊர் முணுமுணுத்தபோது, மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இடம் கொடுக்கச் சொன்னதும் தெரிந்த கதை. அவருடைய தங்கையின் நோயை முதலில் சீதபேதி என்று நினைத்து வைத்தியம் பார்த்தார்கள். புற்றுநோய் என்று தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. டாக்டரான அக்காவால்கூடக் காப்பாற்ற முடியவில்லை. அந்த ஆற்றாமைதான் 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாக எழுந்தது. தொடக்கத்தில் 12 படுக்கைகள்.

● புற்றுநோயோ என்ற சந்தேகத்தில், 'சதையெடுத்து அனுப்பியிருக்கோம், ரிசல்ட் வர நாலைந்து நாளாகும்' என்று சொன்னதும் நமக்கு எரிச்சல் வரும். அந்த நாலைந்து நாளில் என்ன நடக்கிறது? எடுத்த சதைத்துணுக்கு முதலில் ஃபார்மலினில் ஊறுகிறது. செல் அழுகாமல், இருந்த உருவத்திலேயே இறுக வேண்டும். பிறகு ஆல்கஹாலில் படிப்படியாக முக்கி உள்ளிருக்கும் தண்ணீரை எடுக்கிறார்கள். தண்ணீர் போன இடத்தில் உருக்கிய மெழுகு ஏறுகிறது. ஆறியதும் சதை, மெழுகுக் கட்டிக்குள் நிற்கும். அதை மைக்ரோடோம் என்ற சீவும் கருவியில் பூட்டிச் சீவுவார்கள். ஒரு சீவலின் கனம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் நாலைந்து பங்கு, அதாவது ஒரு செல்லின் கனம்கூட இல்லை. வெங்காயச் சருகைவிட மெல்லிய அந்தச் சீவல்கள் நாடாபோல வரிசையாக வரும். வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டுச் சுருக்கம் நீக்கி, கண்ணாடிச் சில்லால் அள்ளுவார்கள். மூச்சு வேகமாகப் பட்டால் சீவல் பறந்துவிடும். அப்புறம் சாயம்: உட்கருவுக்கு நீலம், மற்றதற்கு ரோஸ்.

இதற்குப் பிறகுதான் நோயியல் மருத்துவர் பார்க்கிறார். உட்கரு செல்லை அடைத்துக்கொண்டு பெரிதாக இருக்கிறதா, ஒன்றுபோல் ஒன்று இல்லாமல் கோணலாக இருக்கிறதா, பிரிந்துகொண்டிருக்கும் செல்கள் அளவுக்கு மீறி உண்டா, தன் எல்லையைத் தாண்டிப் பக்கத்துத் திசுவுக்குள் செல்கள் இறங்கிவிட்டனவா? ஸ்கேன் சந்தேகத்தைக் கிளப்பும். உறுதி சொல்வது பெரும்பாலும் இந்தச் சில்லுதான்.

அறிக்கையைக் கையில் வாங்கியதும் வேலை முடிந்தது என்று வந்துவிடாதீர்கள். அந்தக் கண்ணாடிச் சில்லும் மெழுகுக் கட்டியும் பல வருஷம் கெடாது. சென்னைக்கோ மதுரைக்கோ மேல்சிகிச்சைக்குப் போனாலோ, இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேட்க நினைத்தாலோ, அங்கே முதலில் கேட்பது அதைத்தான். பரிசோதனைக் கூடத்தில் எழுதிக் கொடுத்து இரண்டையும் கேட்டு வாங்குங்கள். வெயில் படாத இடத்தில், சில்லு உடையாத டப்பாவில் வையுங்கள்; கோடை பஸ்ஸின் ஜன்னலோரத்தில் வைத்தால் மெழுகு இளகிவிடும்.